செவ்வந்திப் பூவும் தெரியாமற் செய்த பிழையும்



பிறநாட்டில் வாழப் போகிறவனுக்கு மொழிதான் பெரிய மலை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மலை தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். காலை இடறுவது சிறு கல்தான். அப்படி என் காலை இடறிய ஒரு சிறு கல்லைப் பற்றியும், அதனால் என் மனதில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றியும் இங்கு எழுதுகிறேன்.

நான் இத்தாலிக்கு வந்தது 1989-ம் ஆண்டு. அவ்வாண்டு முடிவதற்குள் வந்து சேர்ந்தவர்கள் வதிவிட அனுமதி பெறுவதற்கு 1990-ல் வந்த மார்தெல்லிச் சட்டம் வழிசெய்தது. எனக்கும் அனுமதி கிடைத்தது. வேலை கிடைத்தது போ ஆற்றங்கரையில் உள்ள குவாஸ்தல்லா என்னும் சிறு பட்டணத்தில். ஏறக்குறைய 15,000 பேர் வாழும் ஊர். நடுவே ஒரு சதுக்கம். அதிலே பழைய பிரபு ஃபெர்ராந்தே கொன்சாகாவின் வெண்கலச் சிலை. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கத் தூண்கள் தாங்கிய நடைபாதைகள்.

வந்த புதிதில் நாளுக்கொரு புதினம். மதியம் பன்னிரண்டரைக்குக் கடைகளைப் பூட்டினால் மூன்றரை மட்டும் ஊரே உறங்கும். பகற் சாப்பாட்டுக்குப் பின் பால் கோப்பி கேட்டால் சுகமில்லையா என்று விசாரிப்பார்கள். வாருங்கள் என்று வீட்டுக்காரர் அழைத்த பிறகும் வாசற்படியில் நின்று "பெர்மெஸ்ஸோ" என்று உத்தரவு கேட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். சுவரில் பெயர்கள் அச்சிட்டு ஒட்டிய தாள்களைக் கண்டு தேர்தல் வருகிறது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவை மரண அறிவித்தல்கள். யாழ்ப்பாணத்து மதில்களில் நாம் ஒட்டுவதும் அதுதானே என்று எண்ணியபோது ஊர் கொஞ்சம் கிட்ட வந்ததுபோல இருந்தது.

இன்னும் பலவற்றில் அவர்கள் நம்மவர்களே. ஈரத் தலையோடு வெளியே போனால் ஏசுவார்கள். கண்ணூறுக்குத் தட்டில் தண்ணீர் வைத்து எண்ணெய் விட்டுப் பார்க்கும் கிழவிகள் அங்கும் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் கல்யாணத்துக்கு ஆகாது என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள். செவ்வாய் சரி, வெள்ளியுமா என்று என் மனைவிக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை!

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டதனாலோ என்னவோ, எல்லாம் நம் ஊர் போலத்தான் என்று நான் நம்பிவிட்டேன். அங்கேதான் இடறினேன்.

எங்கள் அயல்வீட்டில் ஒரு வயதான அம்மா தனியே இருந்தார். கணவர் காலமாகிவிட்டார். என் மனைவிக்கு இத்தாலிய மொழியில் முதற் சொற்களைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். 1993-ம் ஆண்டு ஐப்பசி மாதம் அவர் விழுந்து காலை முறித்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினார். வெறுங்கையோடு பார்க்கப் போவது நம் வழக்கமல்ல. கடைத்தெருவில் அந்தக் கிழமை எங்கு பார்த்தாலும் செவ்வந்திச் சாடிகள். மஞ்சளும் வெள்ளையுமாக, நல்லூர்த் திருவிழாக் காலத்துப் பூக்கடைகளை நினைவூட்டின. சுவாமிக்குச் சாத்தும் பூ, இதைவிட மங்கலமானது எது என்று ஒரு பெரிய சாடியை வாங்கிக்கொண்டு போனேன்.

அந்த அம்மா சாடியைப் பார்த்தார். ஒரு கணம் பேசவில்லை. பிறகு இரண்டு கைகளாலும் வாங்கி, நன்றி சொல்லி, தடியை ஊன்றி எழுந்து எனக்குக் கோப்பி போட்டுத் தந்தார். அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு அதே மாதம். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த நண்பர் இருதய நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நிலைமை கடுமை என்றார்கள். அதே பூவில் ஒரு செண்டு கட்டுவித்துக் கொண்டு போனேன். கட்டிலருகே இருந்த அவருடைய மனைவியின் முகம் கறுத்தது. செண்டை வாங்கி, ஒரு வார்த்தையும் பேசாமல், வெளியே நடையில் ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் என்னைத் தனியே அழைத்து, "அந்த மனுசன் சாக வேண்டுமென்றா நினைக்கிறாய்?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். இத்தாலியில் செவ்வந்தி இறந்தவர்களுக்குரிய பூ. நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், நவம்பர் 2 இறந்தோரை நினைக்கும் நாள். அந்நாட்களில் ஒவ்வொரு குடும்பமும் செவ்வந்தியோடு கல்லறைக்குப் போகும். கடைகளில் அது அக்காலத்தில் குவிந்திருப்பது அதற்காகத்தான். வீட்டுக்கோ நோயாளிக்கோ அதைக் கொடுக்கவே மாட்டார்கள்.

நண்பர் இறைவன் அருளால் பிழைத்தார். ஆனால் அவர் மனைவி என்னோடு பழையபடி கதைக்கப் பல மாதங்கள் சென்றன.

அன்று மாலையே அயல்வீட்டு அம்மாவிடம் ஓடினேன். "போன வருடம் நான் தந்த பூவை என்ன செய்தீர்கள் அம்மா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "என் கணவரின் கல்லறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அந்த வருடம் நானே வாங்க வேண்டியிருக்கவில்லை. நீர் நல்ல மனதோடு கொண்டு வந்தீர். அதை எப்படிப் பிழை என்று சொல்வேன்?" என்றார்.

திருக்குறளில் கண்ணோட்டம் என்றோர் அதிகாரம் உண்டு. பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ட பிறகும் அதை உண்டு அவரோடு அமைந்து போவதே விரும்பத்தக்க நாகரிகம் என்பது அதன் கடைசிக் குறளின் கருத்து. அதைப் பள்ளியில் மனனம் செய்தவன் நான். அதைச் செய்து காட்டியவரோ வள்ளுவர் பெயரைக் கேட்டறியாத ஓர் இத்தாலியக் கிழவி.

ஆனாலும், அடியார்களே, ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த அம்மா அன்றே மெதுவாகச் சொல்லியிருந்தால், மறுவருடம் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணின் மனதை நான் புண்படுத்தியிருக்க மாட்டேனே? அவருடைய பெருந்தன்மை என்னைக் காப்பாற்றியது. என் அறியாமையையும் சேர்த்தல்லவா காப்பாற்றிவிட்டது!

தெரியாமற் செய்ததில் பாவம் இல்லை என்கிறோம். எண்ணம் நல்லதானால் செயலும் நல்லது என்கிறோம். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் கணவனின் உயிருக்காக வேண்டிக்கொண்டிருந்த ஒருத்திக்கு முன்னால் நான் சாவுப் பூவை நீட்டியது நடந்ததுதான். என் நல்லெண்ணம் அவளுடைய நடுக்கத்துக்கு மருந்தாகவில்லை. ஆகவே, பாவம் இல்லாவிட்டாலும் கடன் உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தக் கடனில் ஒரு பங்கு தெரியாதவனுடையது. நான் அந்த நாட்டுக்கு வந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்லறை வாசலில் அந்தப் பூச்சாடிகள் வரிசையாக இருந்ததை ஒவ்வொரு வருடமும் பேருந்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருவரையும் கேட்கவில்லை. முதல் வருடத்தில் அது அறியாமை. ஐந்தாம் வருடத்தில் அதற்கு அசட்டை என்றுதான் பெயர். மற்றப் பங்கு தெரிந்தவனுடையது. பிழையை மன்னிப்பதோடு அவன் கடன் தீர்வதில்லை. மறுமுறை நடவாதபடி சொல்லியும் கொடுக்க வேண்டும்.

இது அவர்கள் நமக்குச் செய்தது. நாம் அவர்களுக்கு என்ன செய்கிறோம்?

2016-ம் ஆண்டு நவராத்திரியின்போது, எம்மவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்துக்கு என் இளைய மகள் தன் வகுப்புத் தோழியை அழைத்து வந்தாள். பன்னிரண்டு வயது இத்தாலியப் பிள்ளை. தலைவாரி, தமிழ்ப் பெண்போல் பொட்டும் வைத்து ஆசையோடு வந்தாள். அவள் கையில் பூத்தட்டைக் கொடுத்தார்கள். பூ வாசமாக இருந்தது. எந்தக் குழந்தையும் செய்வதுபோல ஒரு பூவை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

முகர்ந்த பூ சுவாமிக்கு ஆகாது என்பது நமக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? பெரியவர் ஒருவர், பல ஆண்டுகள் தொண்டு செய்த நல்ல மனிதர், எல்லோருக்கும் முன்னால் உரத்துச் சத்தமிட்டு, தட்டைப் பறித்து, பூ முழுவதையும் குப்பையில் கொட்டினார். பிள்ளை விறைத்துப்போய் நின்று, பிறகு அழுதுகொண்டு வெளியே போனாள்.

நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. பெரியவரை எதிர்த்துப் பேசுவதா, பூசை நடக்கிறதே என்று காரணங்கள் தேடினேன். உண்மைக் காரணம், பேசாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

கண்ணப்ப நாயனார் கதையை நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! தலைமுடியில் செருகி வந்த பூவையும், வாயில் கொண்டு வந்த நீரையும் காளத்தியப்பர் ஏற்றார் என்று கண்ணீர் மல்கக் கேட்கிறோம். ஆனால் ஒரு குழந்தை முகர்ந்த பூவை நம்மால் பொறுக்க முடியவில்லை. விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பூவைச் சத்தமின்றி ஒதுக்கி வைத்து, வேறு பூவைத் தந்து, காரணத்தை அவள் காதோடு சொல்லியிருக்கலாம். விதியும் பிழைத்திருக்கும், பிள்ளையும் அழுதிருக்க மாட்டாள்.

மூன்று கிழமை கழித்து, மனம் பொறுக்காமல் அவளுடைய தகப்பனாரிடம் போனேன். பூவின் வழக்கத்தை விளக்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவள் தன் கைதான் அழுக்கு என்று நினைத்தாள். அன்று வீட்டுக்கு வந்து மூன்று முறை கை கழுவினாள். இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே."

எனக்கு மறுமொழி இல்லை. அந்தப் பிள்ளையும் என் மகளும் பிறகும் தோழிகளாகவே இருந்தார்கள். ஆனால் அவள் மண்டபப் பக்கம் திரும்பவும் வரவில்லை.

ஆகவே பிழையை மூடி மறைக்கும் மௌனமும் முழு நன்மை அல்ல. சபையில் வைத்து இடித்துரைப்பது நன்மையே அல்ல. தனியே, அன்போடு, தாமதிக்காமல் சொல்வதுதான் நடுவழி. அதற்குப் பெருந்தன்மையும் வேண்டும், சிறிது துணிவும் வேண்டும். அந்த அம்மாவிடம் முதலாவது நிறைய இருந்தது. என்னிடம் இரண்டாவது இருக்கவில்லை.

ஒரு சிறு வேண்டுகோள். திருவிழா நாட்களில் நம் கோயில் வாசலில், அந்தந்த நாட்டு மொழி நன்கு பேசும் இளையவர் ஒருவரை நிறுத்துவோம். பாதணியை எங்கே கழற்றுவது, விபூதியை எப்படி வாங்குவது, பூவை ஏன் முகர்வதில்லை என்று வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சிரித்த முகத்தோடு சொல்லட்டும். நாமும் அவர்கள் வாசலில் நிற்கும்போது வெட்கப்படாமல் கேட்போம்.

அந்த அயல்வீட்டு அம்மா இப்போது இல்லை. ஒவ்வொரு நவம்பர் 2-ந் திகதியும் நானும் மனைவியும் அவருடைய கல்லறைக்குப் போகிறோம். கையில் ஒரு பெரிய செவ்வந்திச் சாடி. இப்போது அதைத் தெரிந்தே கொண்டு போகிறேன்.

எல்லோரும் நலமுடன் வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.