பிறப்புக்கு முந்திய பாட்டு

ஒருவர் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே பதிவாகி, ஊரெல்லாம் ஒலித்து, ஓய்ந்தும்போன ஒரு பாட்டு அவர் காதில் முதன்முறை விழும்போது இரண்டு உணர்வுகள் சேர்ந்தே எழுகின்றன. கேட்டதில்லை என்பதால் அது புதுப்பாட்டு. எப்போதோ அறிந்திருந்து மறந்துவிட்டோமோ என்ற ஏக்கமும் உடனே வந்துவிடுகிறது. அனுபவித்தே இராத ஒன்றுக்காக மனம் ஏங்க முடியுமா? ஏங்கினால் அந்த ஏக்கம் எதைப் பற்றியது? கேள்வி பழையது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கத் திரைப்பாட்டைப் போல வசதியான பொருள் முன்பு கிடைத்ததில்லை. வேதத்துக்கும் நாட்டுப்பாடலுக்கும் பிறந்த தேதி தெரியாது, திரைப்பாட்டுக்குத் தெரியும்.

1877-ல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கும்வரை, பழைய பாட்டு எதுவும் உயிரோடிருக்கும் ஒருவர் வாய்வழியாகத்தான் வந்தாக வேண்டும். தாலாட்டு எத்தனை தலைமுறை பழையதானாலும் பாடுகிற குரல் இன்றைய குரலே. அரக்கில் செய்த இசைத்தட்டு அந்த விதியை மாற்றியது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடமே அதில் பதியும். திரைப்பாட்டு இன்றுவரை சில நிமிடங்களிலேயே முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். தியாகராஜ பாகவதர் 1959-ல் மறைந்தார். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் அவர் பாடியதை, இந்த நூற்றாண்டில் பிறந்தவர் அதே குரலில், அவர் மூச்சு வாங்கிய அதே இடங்களோடு கேட்கிறார். இறந்தவர் குரலை அவர் இறப்புக்குப் பின் பிறந்தவர் கேட்பது மனித வரலாற்றில் மிகச் சமீபத்தில் வந்த அனுபவம்.

ஏக்கத்துக்கான விளக்கம் இதற்கெல்லாம் நெடுங்காலம் முன்பே, காளிதாசரின் சாகுந்தல நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் இருக்கிறது. அரண்மனைக்குள் அம்சபதிகை என்ற பெண் பாடுவது மன்னன் துஷ்யந்தன் காதில் விழுகிறது. அன்புக்குரிய எவரையும் தான் பிரிந்திருக்கவில்லையே, பிறகு ஏன் இந்தத் தவிப்பு என்று அவன் வியக்கிறான். இனிய ஒலி கேட்டுச் சுகமாக இருப்பவனும் கலங்குகிறான் என்றால், முற்பிறவியில் வேரூன்றிய நட்புகளை மனம் தன்னையறியாமல் நினைத்துக்கொள்கிறது போலும் என்று முடிவுக்கு வருகிறான்.

காஷ்மீரத்து அபிநவகுப்தர், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு எழுதிய உரையில் இந்த இடத்தை எடுத்துக்கொண்டார். இங்கே சொல்லப்படும் நினைவு தர்க்க நூலார் சொல்லும் நினைவு அன்று என்பது அவர் கருத்து. ஏனென்றால் நினைக்கப்படும் பொருள் இதற்குமுன் அனுபவிக்கப்பட்டதே இல்லை. மனத்தில் ஊறிக் கிடக்கும் வாசனைகளைக் கலை எழுப்பும்போது, காலம், இடம், தான் என்ற வரம்புகள் தளர்ந்து, பொருள் நேரே கண்டதுபோல் ஆகிவிடுகிறது. பிறக்குமுன் வந்த பாட்டைக் கேட்பவருக்கு நேர்வதை இதைவிடச் சரியாகச் சொல்வது கடினம். அவர் 1944-ஐ நினைவுகூரவில்லை; நினைவுகூரவும் முடியாது. ஆயினும் நினைவின் சுவை அங்கே இருக்கிறது.

ஆனால் காளிதாசர் இங்கே ஒரு வேலை செய்திருக்கிறார். துருவாசரின் சாபத்தால் சகுந்தலையை மன்னன் மறந்திருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது, நாடகம் பார்ப்பவருக்குத் தெரியும். அவன் முற்பிறவியில் தேடுகிற உறவு இந்தப் பிறவியிலேயே நடந்து மறைந்தது. அவனுடைய தத்துவம் அழகானது. அவன் விஷயத்தில் தவறானது. முன்பிறந்த பாட்டின் ஏக்கத்துக்கும் முதலில் இந்தப் பிறவிக்குள் தேடிப் பார்ப்பதே முறை.

தேடினால் நிறையவே கிடைக்கிறது. ‘ஹரிதாஸ்’ படத்தின் பெயர்பெற்ற பாட்டு சாருகேசி ராகத்தில் அமைந்தது. 1985-ல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்தில் யேசுதாஸ் பாடிய நடனப் பாட்டு ஒன்றை இளையராஜா அதே ராகத்தில் அமைத்தார். பின்னதைச் சிறுவயதில் தொலைக்காட்சியில் கேட்டு வளர்ந்தவர் முன்னதை முதன்முறை கேட்கும்போது, ராகத்தின் பெயரே தெரியாவிட்டாலும், அந்த வளைவுகள் காதுக்குப் பழக்கமானவை. இளையராஜாவுக்கு முன்னோடி விஸ்வநாதன்–ராமமூர்த்தி, அவர்களுக்கு முன்னோடி ஜி. ராமநாதன், பாபநாசம் சிவன் என்று இந்த வரிசை நீள்கிறது. 1986-ல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு எம்.எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்தே இசையமைத்தார்கள். பேரப்பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துப் பழகியவருக்குப் பாட்டனின் படம் தெரிந்த முகமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. போதாக்குறைக்குச் சமையலறை வானொலி, தேநீர்க் கடை, பேருந்து, கல்யாண வீடு. கேட்கிறோம் என்று அறியாமல் கேட்டவை இவை.

அமெரிக்காவில் கரோல் க்ரம்ஹான்சலும் ஜஸ்டின் ஜூப்னிக்கும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு வழியில் காட்டியது. 1955 முதல் 2009 வரை அங்கே பெரிதும் ஓடிய பாடல்களைச் சுமார் 20 வயது மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் பதின்பருவப் பாடல்களில் மாணவர்கள் ஒன்றியது எதிர்பார்த்ததே. ஆனால் அவர்கள் பிறப்பதற்கு முன், பெற்றோர் இளமையாயிருந்த 1980-களின் தொடக்கப் பாடல்களுக்கும் ஈடுபாட்டில் ஒரு மேடு தெரிந்தது. 1960-களின் பாடல்களுக்கு இன்னொன்று. இரண்டாவது மேட்டுக்குத் தாத்தா பாட்டிகள் காரணமாக இருக்கலாம். அல்லது அந்தக் காலத்துப் பாடல்கள் உண்மையிலேயே நன்றாக இருந்ததுதான் காரணம் என்றும் கொள்ளலாம். ஆய்வு இந்த இரண்டில் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. தத்துவத்துக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நன்றாயிருப்பது என்றால் என்ன என்பதற்கு டேவிட் ஹ்யூம் 1757-ல் ஒரு சோதனையைச் சொன்னார். ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஏதென்ஸிலும் ரோமிலும் இன்பம் தந்த ஹோமர், பாரிஸிலும் லண்டனிலும் இன்னும் போற்றப்படுகிறார். ஆட்சி, மதம், மொழி எல்லாம் மாறியும் அவர் புகழ் மங்கவில்லை. காலம் கடந்த வரவேற்பில் பொறாமையும் நட்பும் கட்சியும் உதிர்ந்துவிடுகின்றன, எஞ்சுவது பொருளின் தகுதி. இந்தக் கணக்கில், பிறக்குமுன் வந்த பாட்டை ரசிப்பவரே நடுநிலையான நீதிபதி. அவருக்கு அந்தப் பாட்டோடு முதற்காதல் இல்லை, நடிகர் மன்றச் சண்டை இல்லை, விடுமுறை ஞாபகமும் இல்லை.

சோதனையில் ஓட்டை உண்டு. காலம் சலிப்பதற்கு முன் விபத்துகள் சலித்துவிடுகின்றன. முதல் தமிழ் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது. அதன் படச்சுருள் இன்று இல்லை. பாகவதரின் முதல் படம் ‘பவளக்கொடி’யில் ஐம்பது பாடல்கள் வரை இருந்தன, இன்று கச்சேரி மேடையிலோ வானொலியிலோ அவற்றில் எத்தனை கேட்கின்றன? அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். எது மறுபதிப்பு ஆனது, எது இலங்கை வானொலியின் சேமிப்பில் இருந்தது, எந்த வீட்டில் எந்தப் பெட்டி மழையில் நனைந்தது என்பதெல்லாம் தகுதியோடு தொடர்பில்லாதவை. ‘அந்தக் காலத்தில் எல்லாமே நல்ல பாட்டு’ என்று சொல்பவர், பிழைத்து வந்தவற்றை மட்டும் கேட்டுவிட்டு அந்தக் காலம் முழுவதற்கும் சான்றிதழ் தருகிறார்.

தமிழ்ச் சமய மரபு இந்த இழப்பை நன்றாக அறியும். அதன் இரண்டு பெரிய கண்டெடுப்புக் கதைகளும் பிறக்குமுன் பாடப்பட்ட பாட்டைத் தேடிப் போனவர்களைப் பற்றியவை. நாதமுனிகள் வீரநாராயணபுரத்தில், அதாவது காட்டுமன்னார்கோயிலில், வழிப்போக்கர் சிலர் குடந்தைப் பெருமானைப் பற்றிப் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டார். ஆயிரத்துள் இவை பத்து என்று பாட்டே சொல்லிற்று. மற்றவை எங்கே என்றால் பாடியவர்களுக்குத் தெரியவில்லை. அவர் குருகூர் சென்று, மதுரகவியின் சிறு பிரபந்தத்தைப் பன்னிரண்டாயிரம் முறை ஓதி, நம்மாழ்வாரிடமிருந்தே நாலாயிரமும் பெற்றார் என்கிறது குருபரம்பரை. ஒரு பாட்டைத் தற்செயலாகக் கேட்டு, பாடியவர் யார், இன்னும் என்ன பாடியிருக்கிறார் என்று இரவெல்லாம் தேடும் எவருக்கும் இந்தக் கதையின் முதற்பாதி புரியும்.

தேவாரக் கதை இன்னும் கடுமையானது. நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் தில்லையில் பூட்டிய அறையைத் திறந்தபோது ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. மன்னன் கலங்க, இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்தோம் என்று அசரீரி எழுந்ததாகத் திருமுறை கண்ட புராணம் கூறும். மிஞ்சியவை ஏறத்தாழ 800 பதிகங்கள். அதிலும் சொல் கிடைத்ததே தவிர, பண் கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் பண் அமைத்துத் தந்தார். இழந்தது தேவையற்றது என்ற அசரீரியின் ஆறுதலை வரலாற்றாசிரியர் ஏற்க மாட்டார். ‘பவளக்கொடி’ பாடல்களைப் பற்றி அப்படிச் சொல்ல எவருக்கும் துணிவு வராது. ஆனால் யாழ்ப்பாணர் மரபுப் பெண்ணின் பங்கை மரபு மறைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கண்டெடுத்த பாட்டில் கண்டெடுத்தவர் கையும் இருக்கிறது என்பதை அது வெளிப்படையாகவே ஒத்துக்கொள்கிறது.

இதிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கிறது: பின்னால் வந்தவர் கேட்பது அதே பாட்டுத்தானா? ஒலி பற்றிய இந்தியத் தத்துவ வழக்கு இதற்கு உதவும். மீமாம்சகர் ஒலியை நித்தியம் என்பர். உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை. ‘பசு’ என்ற சொல்லை எட்டு முறை சொன்னான் என்கிறோம், எட்டுப் பசுச் சொற்களைச் சொன்னான் என்பதில்லை என்று மீமாம்சை உரையாசிரியர் சபரர் காட்டினார். நியாய தரிசனத்தார் மறுப்பர்: ஒலி தோன்றி அழிவது; நொடிக்கு நொடி வேறான விளக்குச் சுடரை ஒரே சுடர் என்பதுபோல, ஒப்புமையை ஒருமையாகக் கொள்கிறோம். இசைத்தட்டைப் பொறுத்தவரை பௌதிகம் நியாயத்தின் பக்கம், பேச்சுவழக்கு மீமாம்சையின் பக்கம். ஒரே பாட்டை எட்டு முறை போட்டான் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

பொருள் மாறும்போதுதான் சிக்கல். 1991-ல் வந்த ‘குணா’வில், தான் கடத்தி வந்த பெண்ணுக்கு நாயகன் சொல்லும் காதல் கடிதமாக ஒரு பாட்டு வருகிறது. 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம், கொடைக்கானல் குழியில் விழுந்த நண்பனை மீட்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தியது. 1991-க்குப் பின் பிறந்த பலருக்கு அது இப்போது நட்பின் பாட்டு. அவர்கள் தவறாகக் கேட்கிறார்களா? மீமாம்சையிடம் இதற்கும் இடம் உண்டு. இந்திரனைப் போற்றும் மந்திரத்தைக் கொண்டு கார்ஹபத்திய அக்கினியை வழிபடு என்று வேதவிதி இருந்தால் அப்படியே செய்ய வேண்டும் என்பது அந்தத் தரிசனத்தின் புகழ்பெற்ற தீர்ப்பு. மந்திரம் ஒன்று, விநியோகம் வேறு. ‘குணா’ பாட்டும் அப்படிப் புதிய சடங்குக்கு மாற்றப்பட்டது. ஒரு வித்தியாசம், இங்கே ஆணையிட வேதம் இல்லை, ரசிகரின் ஒப்புதல் மட்டுமே உண்டு. அது போதும் என்றே தோன்றுகிறது.

பின்னால் பிறந்தவருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது அத்தனை இனியதன்று. பாட்டின் எதிர்காலம் அவருக்குத் தெரியும். ‘ஹரிதாஸ்’ வெளியாகிச் சில வாரங்களில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு எழுந்தது, பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947-ல்தான் விடுதலையானார்கள். சென்னை பிராட்வே திரையரங்கில் படம் மூன்று தீபாவளி கண்டபோது நாயகன் பெரும்பகுதி சிறையில் இருந்தார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், தாம் பாட்டெழுதிய ‘கல்யாணப் பரிசு’ வந்த 1959-ஆம் ஆண்டிலேயே, 29 வயதில் இறந்தார். முதல் நாள் கேட்டவர்களுக்கு இவை எதுவும் தெரியாது. இன்று கேட்பவருக்கு உல்லாசப் பாட்டிலும் நிழல் விழுகிறது. அன்று கேட்டவர்களின் அறியாமையை மட்டும் அவரால் திரும்பப் பெற முடியாது.

ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் தம் நெடும்பாடலின் மூன்றாம் பகுதியில், நாம் பிறக்குமுன் கார்த்தேஜ் போர் உலகை உலுக்கியபோது நமக்கு ஒரு துன்பமும் இல்லை, இறந்தபின் வருவதும் அப்படியே என்று வாதிட்டார். இருபுறமும் உள்ள இருள் ஒன்றுபோன்றது, எனவே அஞ்ச ஒன்றுமில்லை. துன்பத்தைப் பொறுத்தவரை வாதம் நிற்கிறது. ஆனால் பிறக்குமுன் இருந்த காலம் ஒன்றுமே இல்லை என்று, அந்தக் காலத்துப் பாட்டுக்காக ஏங்குபவரிடம் சொல்ல முடியாது. அவருக்கு அந்த இருளிலிருந்து குரல்கள் கேட்கின்றன, பெயரும் ஆண்டும் தெரிகின்றன. தாம் இறந்து ஐம்பது ஆண்டு கழித்து வரப்போகும் பாட்டுகளைக் கேட்க முடியாதே என்று யாரும் இவ்வளவு திட்டமாக ஏங்குவதில்லை. ஏங்குவதற்கு அவற்றின் ஒரு வரிகூட இன்னும் அவருக்குக் கிடைக்கவில்லை.