கேள்வி இல்லாத குறிப்பேடு

1880-ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறார் என்று முதலியார் விசாரிக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்குச் சொல்ல நூல்களா இல்லை? அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார்.

அந்த ஒரு கேள்விதான் சாமிநாதையரின் வாழ்க்கையைத் திருப்பியது. சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் பல நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுவார்; பல இடங்களில் எந்த நூல் என்று சொல்லமாட்டார். அந்த வரிகளின் தாய்வீட்டைத் தேடித்தான் சாமிநாதையர் பழைய ஏடுகளுக்குள் நுழைந்தார். படித்தவற்றுக்கு அகராதி எழுதி வைத்துக்கொண்டார். ஓரிடத்தில் விளங்காத சொல் வேறோர் ஏட்டில் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிந்தாமணியில் வரும் சமணக் கோட்பாடுகளை ஏட்டில் மட்டும் தேடாமல், கும்பகோணத்துச் சமணர்களிடமே போய்க் கேட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது.

ஆசிரியராக இருக்கும் எனக்கு இந்த வரலாற்றில் பெரிதாகத் தெரிவது அவருடைய நினைவாற்றல் அல்ல. அது மனப்பாடக் கல்வி வளர்த்த தலைமுறை, நினைவாற்றல் பலருக்கு இருந்தது. அவருடைய குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்காக எழுதப்பட்டது என்பதே பெரிது. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சேர்த்த சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகளைப் பற்றி இப்போது பலரும் வியந்து பேசுகிறார்கள். அங்கும் எண்ணிக்கையா முக்கியம்? ஒரு சீட்டு இன்னொரு சீட்டைச் சுட்டும்படி எண்ணிட்டு வைத்தாரே, அந்த உழைப்புதான்.

நம் வகுப்பறைகளில் நோட்டுகளுக்குக் குறைவில்லை. கைடில் இருப்பது நோட்டுக்குப் போகிறது, நோட்டிலிருந்து விடைத்தாளுக்குப் போகிறது, தேர்வு முடிந்ததும் எடைக்குப் போகிறது. வழியில் எங்கேயும் அது பிள்ளையின் மனத்தில் தங்குவதில்லை. செல்போன் செயலிகளில் கட்டுரைகளைச் சேமித்துக்கொண்டே போகும் பெரியவர்களான நாமும் அதைத்தான் செய்கிறோம்.

என் மாணவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம்: எதைக் குறித்தாலும், அதை ஏன் குறித்தாய் என்று அருகில் சொந்த நடையில் ஒரு வரி எழுது. முதலில் திணறுவார்கள். 'மார்க்குக்காக' என்று எழுதுபவர்களும் உண்டு, அந்த வரியை அடிக்காமல் விட்டுவிடுவேன். கொஞ்ச நாள் போனால், முன்பு எழுதிய குறிப்போடு இன்றைய பாடம் முரண்படுகிறதே என்று ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். கல்வி அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

ஆசிரியர்களே, நோட்டுத் திருத்தும்போது கையெழுத்தையும் அடிக்கோட்டையும் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பிள்ளை தானாகக் கேட்ட கேள்வி ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், இராமசுவாமி முதலியார் கேட்டதுபோல் நீங்கள் ஒன்றைக் கேளுங்கள்.