நடுங்கும் கையில் ஒரு கபாலம்

"ஹால் இல்லை சார். ஃபோகஸ் லைட் இல்லை. டிரஸ்ஸுக்குக் காசு இல்லை. எங்களில் ஒருத்தருக்கும் நடித்துப் பழக்கமே இல்லை."

பல்கலைக்கழக நாடகக் குழு மாணவர்கள் என் முன்னால் வந்து அடுக்கிய நான்கு 'இல்லை'கள் இவை. அவர்கள் போட நினைத்த நாடகமோ மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்'!

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக்குப் போயிருக்கிறாயா தம்பி? அங்கே பாறையைக் குடைந்து பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்தவன் அதே மகேந்திரவர்மன்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் எடுத்ததாகக் கல்லிலேயே வெட்டியும் வைத்தான். எண்ணிப் பார். அவனுக்கும் நான்கு 'இல்லை'. நீ அவற்றைச் சாக்காகச் சொல்கிறாய். அவன் மார்தட்டிச் சொன்னான்!

அந்த நெஞ்சுரம்தான் ஏழாம் நூற்றாண்டில் இப்படியொரு நாடகத்தையும் எழுத வைத்தது. அரசன் தன் தலைநகரான காஞ்சியின் தெருவையே கேலிக்கு எடுத்துக்கொள்கிறான். குடிபோதையில் இருக்கும் கபாலி ஒருவன், பிச்சைப் பாத்திரமாக வைத்திருந்த மண்டையோட்டைத் தொலைத்துவிடுகிறான். அந்த வழியாக வரும் புத்த பிக்குமேல் பழியைப் போடுகிறான். பாசுபதச் சைவத் துறவி ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். சண்டை முற்றுகிறது. கேரளத்துச் சாக்கியார் நடிகர்கள் கூடியாட்டம் என்னும் சமஸ்கிருத நாடக மரபில் இதை உயிரோடு காத்தார்கள். 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அச்சேற்றினார். ஏறத்தாழ 1,400 ஆண்டு சாகாத சிரிப்பு, 'எனக்கு வராது சார்' என்ற உன் ஒரு வார்த்தையிலா சாக வேண்டும்?

கபாலி வேஷம் கட்டிய மாணவன் முதல் நாள் ஒத்திகையில் தள்ளாடினான், கண்ணைச் செருகினான், நாக்குக் குழறப் பேசினான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் முகம் சுருங்கிவிட்டது. குடித்தவன் தள்ளாட ஆசைப்படுவதில்லையப்பா, நேராக நடக்கத்தான் உயிரைக் கொடுத்துப் பார்ப்பான் என்றேன். மறுநாள் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தான். அந்தக் கோட்டின் மேலேயே நடக்கப் பார்த்தான். பரீட்சை எழுதுகிறவன் போல முகத்தில் அத்தனை கவனம். மூன்றாவது அடியில் கால் ஒரு விரற்கடை விலகியது. சிரிப்பு வெடித்தது! முதல் நாள் யாரும் சிரிக்காததோடு அவன் வீட்டுக்குப் போயிருந்தால் அந்த மூன்றாவது அடி ஏது?

கபாலத்துக்கு விடுதிச் சமையற்கட்டிலிருந்து பாதிக் கொட்டாங்கச்சி வந்தது. நாரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுண்ணாம்பு பூசினாள் கபாலியின் துணைவி தேவசோமாவாக நடித்த பெண். டியூப் லைட் வெளிச்சத்தில் எலும்பேதான். கேன்டீனுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் திண்ணை மேடையானது.

வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்லவே கூசுகிற ஒருவன் இருந்தான். கடைசியில் வரும் பித்தன் வேஷம் அவனுக்கு. "சின்ன வேஷம்தானே சார்" என்றான். சின்ன வேஷமா? தொலைந்த கபாலத்தை உண்மையில் தூக்கிப்போனது ஒரு நாய்; அது கடைசியில் யார் கையில் இருக்கிறது? அந்தப் பித்தன் கையில்! அவன் வராவிட்டால் கபாலிக்கும் பிக்குவுக்கும் சண்டை தீராது. மேடையில் இருக்கிற அத்தனை பேரும் அவனுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

உனக்கும் நடுங்கும். நடுங்கட்டுமே! நடுக்கம் தீர்ந்த பிறகுதான் ஏறுவேன் என்று உட்கார்ந்திருந்தால் திண்ணை வெறுமையாகவே கிடக்கும். நடுக்கத்தையும் கூட்டிக்கொண்டு ஏறு. முதல் வசனத்தை உரக்கச் சொல். மறந்துபோனால் எதிரில் நிற்பவனின் கண்ணைப் பார்; உனக்காக ஒரு சொல் அங்கே காத்திருக்கும்.

அன்று இரவு அந்தப் பித்தன் வந்தான். இரண்டு கையாலும் கொட்டாங்கச்சியை ஏந்தியிருந்தான். கை நடுங்கியது; கொட்டாங்கச்சியும் நடுங்கியது. திண்ணைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பித்தனின் நடுக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள். பிறகு எல்லோரும்.

இந்த ஆண்டு நாடகத்தை இயக்குவது அவன்தான். நடிக்க விரும்புவோர் பெயர் எழுதச் சொல்லி நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருக்கிறான். மாலை ஐந்து மணிக்கு, அதே திண்ணையில் ஒத்திகை. பேனாவை எடு.