வாலிபன் கையில் ஓர் அமானத்

வாலிபர்களைத் தட்டிக்கொடுத்தால் உள்ளத்தில் பெருமை புகுந்துவிடாதா? செஞ்சிக்கு அருகே மண்டகப்பட்டில் ஒரு பெரியவர் என்னிடம் இப்படிக் கேட்டார்.

சத்தியத்தை மறுப்பதும் மனிதரை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிவிட்டார்கள். தன்னால் இயலும் என்று ஒருவன் நம்புவது அதில் சேருமா? ஹிஜ்ரி 11-ல், ஏறக்குறைய இருபது வயதே ஆன உஸாமா (ரலி) அவர்களைப் படைத்தலைவராக்கினார்கள்; சிலர் முணுமுணுத்தும் மாற்றவில்லை. பின்னர் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள், அந்த வாலிபர் வாகனத்தின் மீதிருக்க, தாம் நடந்தே வழியனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் விட்டுச்செல்ல அவரிடமே அனுமதியும் கேட்டார்கள்!

நம் நாட்டிலும் உண்டு. இராமேஸ்வரத்து அஹ்மது ஜலாலுத்தீன் குடும்ப நெருக்கடியால் படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலம் எழுதத் தெரிந்ததால், கேட்டவர்க்கெல்லாம் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுப்பார். தம்மைவிடப் பதினைந்து வயது இளைய அப்துல் கலாமை மாலையில் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, தோழனைப் போல் மார்க்கமும் உலகமும் பேசுவார். அச்சிறுவர் 2002-ல் ஜனாதிபதியானது பின்கதை. ஊருக்காக எழுதும் அந்தக் கையைப் பார்த்தல்லவா அவர் வளர்ந்தார்!

“பள்ளிவாசல் கணக்கை எந்த வாலிபனிடமாவது கொடுத்ததுண்டா?” என்றேன். பெரியவர் சற்று யோசித்து, “நோட்டு என்னிடம்தான் இருக்கிறது” என்றார்.