தோள், முதுகு, கெண்டைக்கால், வயிறு

2020 இறுதியில் நடராஜன் வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் தேர்வானார். வருணுக்குத் தோள்; டி20 அணிக்குள் வந்தார். சைனிக்கு முதுகு, ஒருநாள் அணி. உமேஷுக்குக் கெண்டைக்கால், பும்ராவுக்கு வயிறு. 2021 ஜனவரி 15, பிரிஸ்பேனில் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். ஏப்ரலில் அவருக்கே முழங்கால் அறுவை சிகிச்சை.

அதிர்ஷ்டம்னு சொன்னா சின்னப்பம்பட்டி நெசவுத் தொழிலாளி மகனின் உழைப்பைக் கொச்சைப்படுத்துகிறோம். உழைப்புன்னு மட்டும் சொன்னா, அதே அளவு உழைத்தும் யாருக்கும் அடிபடாததால் வெளியே நின்றவனுக்கு என்ன பதில்? (எங்கள் ஆர்.கே.பேட்டையிலும் தறி உண்டு, பந்து போடுகிறவனும் உண்டு.)

அடுத்தவன் அடிபட்டுக் காலியான இடத்தில் நிற்பது தப்பில்லை. காலியாகணும்னு ஆசைப்படுவது? ஊர் அணியில் பன்னிரண்டாவது ஆளாக இருந்தப்போ, எங்கள் ஓப்பனருக்குக் கணுக்கால் பிசகணும்னு திருத்தணி முருகனிடம் வேண்டியிருக்கிறேன். பிசகவில்லை. அன்று அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான்.