கேட்காத கேள்விக்குப் பதில்

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். கட்டிய வீட்டை வாங்குகிறவனைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுகிறவனுக்காவது செங்கல்லைத் தட்டிப் பார்க்கவும், மணலை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கவும் வசதி உண்டு. வாங்குகிறவன் பார்ப்பது சுவரை அல்ல. சுவரின்மேல் அடித்த வர்ணத்தைத்தான்.

பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துச் சேர்த்த பிராவிடண்டுப் பணத்தைப் போட்டுக் கடற்கரைப் பட்டணம் ஒன்றில் வீடு வாங்குகிறார். ஏழெட்டு வருஷம் கழித்துக் கூடத்து மேல்தளத்தில் மயிரிழை போல ஒரு கீறல் தெரிகிறது. உள்ளே கம்பி ஓடும் வழியாகவே அதுவும் ஓடுகிறது. பிறகு காரை பெயர்ந்து விழுகிறது. இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொல்கிறார். கட்டினவன் காசை மிச்சம் பிடிக்கக் கழுவாத கடல் மணலைக் கலந்துவிட்டான். மணலோடு வந்த உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் போதாமல் அது கான்கிரீட்டையே பிளக்கிறது. கீறலைப் பூசி மறைக்கலாம். உள்ளே நடப்பதைப் பூச்சினால் நிறுத்த முடியாது.

வீட்டை விற்றுவிடுவது என்று தீர்மானிக்கிறார் பெரியவர். பூச்சு வேலை நடக்கிறது, வெள்ளையடித்தும் ஆயிற்று. "கேட்டாச் சொல்லுங்க, சார். கேக்காததை நாமா எதுக்குச் சொல்லணும்?" என்கிறார் தரகர். மறுநாள் ஓர் இளைஞர் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் வருகிறார். கிணற்றில் தண்ணீர் வற்றுமா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பத்திரம் சரியாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறார். மணலைப் பற்றிக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? தெரிந்தால்தானே கேட்பதற்கு!

பெரியவர் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி பழையது. கி.மு. 44-இல் ரோமாபுரியின் ஸிஸரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் கிட்டத்தட்ட இதே வீடு வருகிறது. மட்டமான மரத்தால் கட்டி, எப்போது விழுமோ என்று நிற்கும் வீடு. விஷயம் சொந்தக்காரனுக்கு மட்டும் தெரியும். இரண்டு தத்துவ ஞானிகளை எதிரும் புதிருமாக நிறுத்தி வாதாட விடுகிறார் ஸிஸரோ. பாபிலோனிய நாட்டு டயோஜெனிஸ், விற்கிறவன் பக்கம். அவன் யாரையும் வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. தனக்குப் பிடிக்காததை விற்றான், பிடித்தவன் வாங்கினான். சொல்லாமல் இருப்பதும் ஒளிப்பதும் ஒன்றாகா என்பது அவர் கட்சி. அவருடைய சீடர் ஆன்டிபேட்டர் இதை ஏற்கவில்லை. வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதே பாவம்; தெரிந்தே ஒருவனை ஏமாற விடுவது அதைவிடக் கொடியது என்கிறார். ஸிஸரோ சீடரின் பக்கமே தீர்ப்புச் சொல்கிறார்.

டயோஜெனிஸை அசட்டு மனிதர் என்று தள்ளிவிடவும் கூடாது. வாங்குகிறவனுக்கும் கண் இருக்கிறது. ஓடு உடைந்திருப்பதைப் பாராமல் வாங்கினால் பிழை அவனுடையது. ஆனால் கான்கிரீட்டுக்குள் புதைந்த உப்பை எந்தக் கண் பார்க்கும்? நம் நாட்டின் 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், தன் 55-ஆவது பிரிவில் இந்த இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தாலும் அகப்படாத முக்கியமான குறை இருந்தால், விற்கிறவர் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி.

சட்டம் பேசி முடித்துவிட்டது. பெரியவரின் மனசு முடிக்கவில்லை. "எனக்கு யார் சொன்னார்கள்?" என்று அது கேட்கிறது. கட்டினவனைப் பிடிக்கலாம் என்றால் அவன் ஊரிலேயே இல்லை. கட்டிக் கொடுத்த வீட்டின் கட்டுமானத்தில் ஐந்து வருஷத்துக்குள் குறை தெரிந்தால் கட்டினவரே சரிசெய்து தர வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று சொல்கிறது. ஐந்து வருஷத்துக்குள் வேலையைக் காட்டு என்று உப்புக்கு யார் உத்தரவு போடுவது?

பஸ்ஸில் கிடைத்த செல்லாத ரூபாயைக் கறிகாய்க்காரியிடம் தள்ளிவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. கள்ள நாணயம் அடித்தவன் ஒருவன். அதைக் கைமாற்றுகிறவர்கள் நூறு பேர். அந்த நூறு பேரும், தாங்கள் ஏமாந்ததையே ஏமாற்றுவதற்கு உரிமைச் சீட்டாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பெரியவருக்கு அந்த இளைஞர் எந்த விதத்தில் கடன்பட்டவர்? கட்டினவன் செய்த துரோகத்தின் கடனை, அதைக் கேள்வியே படாத ஒருவர் ஏன் தீர்க்க வேண்டும்? மேலும், ரூபாய் யார் தலையிலும் விழுவதில்லை. மேல்தளம் விழும். அதன்கீழ் அப்போது பாய் விரித்துப் படுத்திருப்பது அந்தக் குழந்தைகளாக இருக்கலாம். ஆகவே பெரியவர் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவு சுலபமாக நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சொன்ன பிறகு அவர் கதி என்ன? ஒரு மனிதன் உண்மை பேசினால் நடுத்தெருவில்தான் நிற்பான் என்ற நிலைமையை வைத்துக்கொண்டு, உண்மை பேசு என்று போதிப்பது பாதி தர்மம்தான்.

மீதிப் பாதியை ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெர்ராவில் ஒருவிதமாகச் செய்து பார்த்தார்கள். 1968-லிருந்து பத்துப் பதினோரு வருஷம், வெயிலுக்கும் குளிருக்கும் தடுப்பாக, அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கூரைக்கடியில் ஆஸ்பெஸ்டாஸ் இழையைப் பஞ்சு போல ஊதி நிரப்பினார்கள். மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோயை உண்டாக்கும் இழை அது. 1988-இல் தொடங்கி ஐந்து வருஷம் சர்க்காரே அதை அகற்றியது. சுத்தமாகிவிட்டது என்று நம்பிப் பலர் அந்த வீடுகளை வாங்கினார்கள். இழைகளோ சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மிச்சம் இருந்தன. 2014-இல் அங்குள்ள பிரதேச சர்க்கார் அந்த வீடுகளைத் தானே வாங்கி இடித்துவிட முன்வந்தது. ஆஸ்பெஸ்டாஸே இல்லாதது போலக் கணக்கிட்டு மார்க்கெட் விலை கொடுத்தது. அதற்காக மத்திய சர்க்கார் நூறு கோடி டாலர் கடன் தந்தது. பிறந்து வளர்ந்த வீட்டை இடிப்பதைப் பார்த்தவர்களின் துக்கத்துக்கு விலை கிடையாது. ஆனால் தன் நஷ்டத்தை அடுத்தவன் தலையில் ரகசியமாகக் கட்ட வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை.

நம் பெரியவருக்கு அப்படி ஒரு சர்க்கார் இல்லை. இருந்தாலும் அவர் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் இளைஞர் திரும்பிப் போகலாம். அல்லது பழுது பார்க்கும் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கவும் வாங்கலாம். பிடித்தவன் வாங்கினான் என்று டயோஜெனிஸ் சொன்னாரே, அந்தப் பேச்சுக்கு அப்போதுதான் அர்த்தம் உண்டாகும். தெரியாமல் வாங்குகிறவனுக்குப் பிடித்தது வர்ணம்தானே தவிர வீடு அல்ல. அவர் கடமை அவருடையது. அந்தக் கடமையைச் செய்தவர் அதனாலேயே வீடிழந்து போகாமல் பார்த்துக்கொள்ளும் கடமை, அவர் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்த நம்முடையது. அதற்காக நம் வரிப்பணத்தில் கொஞ்சம் போகும் என்றால், போகட்டும் என்று சொல்ல நாம் தயாரா?