குறுக்கே போகிறவர்கள்

‘பூனை குறுக்கே போய்விட்டது’ என்ற வாக்கியத்தில் பூனைதான் எழுவாய். ஆனால் அந்த வாக்கியம் பூனையைப் பற்றியது அல்ல. நேராகப் போகிறவர் என்று ஒருவர் இருந்தால்தான் இன்னொருவர் குறுக்கே போக முடியும். பூனையின் பக்கமிருந்து பார்த்தால், அது தன் குட்டிகளிடமோ இரையிடமோ நேராகத்தான் போகிறது. குறுக்கே வந்தவர்கள் நாம்தான். எது வழி, எது குறுக்கு என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதிலிருந்தே சகுனத்தின் பிறப்பைத் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சகுனங்களுக்கு அறிவியல் காரணம் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. மாட்டுவண்டிக் காலத்தில், இருட்டில் பளபளக்கும் பூனையின் கண்களைக் கண்டு மாடுகள் மிரளும். அதனால்தான் சற்று நின்று போகச் சொன்னார்கள் என்கிறார்கள். பூனையின் கண் ஒளிர்வது உண்மைதான். விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அதே போன்ற படலம் மாட்டின் கண்ணிலும் உண்டு. ஒளிரும் கண்தான் காரணமென்றால் வண்டியில் பூட்டிய மாடே முதல் அபசகுனமாக இருந்திருக்க வேண்டும்.

இந்த விளக்கம் இன்னொன்றையும் மறைக்கிறது. சகுனங்களில் பூனை தனியாக வருவதில்லை. ஒரு கூட்டத்தோடு வருகிறது. தென்னிந்தியச் சகுனங்களையும் நம்பிக்கைகளையும் தொகுத்து எட்கர் தர்ஸ்டன் 1912-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் தீய சகுனங்களின் வரிசையில் கைம்பெண், பார்வையற்றவர், நோயாளி, பிச்சைக்காரர், எண்ணெய் விற்பவர், விறகுக்கட்டு, வெறும் பாத்திரம் எல்லாம் இருக்கின்றன. கைம்பெண்ணைக் கண்டு எந்த மாடும் மிரளாது. அவருக்கு அறிவியல் காரணம் சொல்ல யாரும் முன்வருவதில்லை. இந்த வரிசையை யார் கண்ணால் பார்த்தால் பொருள் கிடைக்கும்? உடல்நலமும் காசும் உள்ள, ‘நல்ல காரியமாக’ வெளியே கிளம்புகிற ஓர் ஆணின் கண்ணால் பார்த்தால் கிடைக்கும். விறகு சுமந்து வருகிறவளுக்கு விறகு எப்படி அபசகுனமாகும்? அதுதானே அவளுடைய அன்றைய சோறு. கைம்பெண் காலையில் வீட்டைவிட்டு வெளியே வரும்போது யார் எதிரே வந்தால் அவளுக்கு ஆகாது என்று எந்தச் சாத்திரமும் எழுதி வைக்கவில்லை. அவளுக்கும் ஒரு காரியம் இருக்கும் என்று அது நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஐரோப்பாவிலும் பூனையைத் தேடிப் போனால் ஏழைப் பெண்ணின் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறோம். போப் ஒன்பதாம் கிரிகோரி 1233-இல் எழுதிய ஒரு கடிதம், மதமறுப்பாளர்களின் சடங்கில் கறுப்புப் பூனை ஒன்று தோன்றுவதாக விவரிக்கிறது. பூனைகளைக் கொல்லும்படி அதில் ஆணை எதுவும் இல்லை. ஆனால் பூனையும் சாத்தானும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டுவிட்டன. 1566-இல் இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் என்ற முதிய பெண்ணைச் சூனியக்காரி என்று விசாரித்துத் தூக்கிலிட்டார்கள். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட பூனை கறுப்பு அல்ல. வெள்ளையில் புள்ளிகள் உள்ளது. எலிசபெத் பிரான்சிஸ் என்ற பெண் தன் பாட்டியிடமிருந்து அதைப் பெற்று, பல ஆண்டுகள் வளர்த்து, பிறகு ஆக்னஸிடம் கொடுத்தார் என்கிறது வாக்குமூலம். ஆக்னஸ் அதை ஒரு பானையில் கம்பளி பரப்பி வைத்திருந்தாராம். வறுமையில் அந்தக் கம்பளி தேவைப்பட்டதும் பூனையைத் தேரையாக மாற்றிவிட்டாராம். மாயத்தைக் கழித்துவிட்டு இதைப் படியுங்கள். ஒரு பாட்டி, ஒரு பேத்தி, அக்கம்பக்கத்து முதியவள், கைமாறிய ஒரு பூனை, பானைக்குள் இருந்த கம்பளியைக்கூட விட்டுவைக்க முடியாத வறுமை. நீதிமன்றத்துக்கு இது சாத்தானின் வலைப்பின்னலாகத் தெரிந்தது.

வங்காளத்தில், குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவியின் ஊர்தி பூனை. அதைப் பற்றி ஒரு விரதக்கதை உண்டு. ஒரு வீட்டின் இளைய மருமகள் யாருக்கும் தெரியாமல் உணவை எடுத்துத் தின்றுவிட்டு, பூனை தின்றுவிட்டதாகச் சொல்லிவந்தாள். பழி சுமந்த பூனை அவளுக்குப் பிறந்த குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தேவியிடம் சேர்த்தது. கடைசியில் அவள் மன்னிப்புக் கேட்டுக் குழந்தைகளைத் திரும்பப் பெற்றாள். பெண்கள் பெண்களுக்குச் சொல்லிவந்த கதை இது. மருமகளுக்கு நீதி போதிப்பதாகத்தான் பொதுவாக இதை வாசிக்கிறோம். அவள் ஏன் ஒளிந்து தின்ன வேண்டியிருந்தது என்று கேட்டால் கதை வேறாகிறது. கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு மிச்சமிருப்பது எவ்வளவு என்பது நம் அடுக்களைகளுக்கும் தெரியும். பசியைச் சொல்ல முடியாதவள், தன்னைவிடக் கீழே இருந்த வாயில்லாத உயிர்மீது பழியைப் போட்டாள். பழி எப்போதும் கீழ்நோக்கித்தான் இறங்குகிறது. மேலே இருப்பவரின் வியாபாரம் நொடித்தால் எதிரே வந்த கைம்பெண் காரணம். அடுக்களையில் பால் குறைந்தால் பூனை காரணம்.

இதே பூனையைத் தமிழ் வைணவம் வேறு இடத்தில் வைத்திருக்கிறது. தென்கலை மரபில் இறையருளை விளக்க மார்ச்சார நியாயம் என்ற உவமை வழங்குகிறது. குட்டி எந்த முயற்சியும் செய்யாமலே தாய்ப்பூனை அதைக் கவ்விக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போவதுபோல இறைவன் உயிர்களைக் காக்கிறான் என்பது அதன் பொருள். வாயில் குட்டியோடு போனால் கடவுளுக்கு உவமை; அதே பூனை தன்பாட்டுக்குத் தெருவைக் கடந்தால் அபசகுனம். பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. தாயாக, சுமங்கலியாக எதிரே வந்தால் மங்கலம். அவளே கணவன் இறந்த மறுநாள் அதே தெருவில், அதே கால்களால் நடந்து வந்தால் ஆகாது.

‘ஒரு நிமிடம் நின்று, தண்ணீர் குடித்துவிட்டுப் போவதால் யாருக்கு என்ன நட்டம்?’ என்று மாணவிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நிற்பவருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் நம் தோல்விக்கான காரணத்தை இன்னொரு உயிரின் நடமாட்டத்தில் தேட அந்த ஒரு நிமிடம் நம்மைப் பழக்குகிறது. பழகிய கண் பூனையோடு நிற்பதில்லை. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கோயில் பூசாரியின் மனைவியை, கணவர் இறந்தபின் கைம்பெண் என்று சொல்லிக் கோயிலுக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பெண்ணுக்குத் தனக்கென ஓர் அடையாளம் உண்டு, திருமண நிலையைக் கொண்டு அதைக் குறைக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆண்டு 2023.

தீர்ப்பு கோயில் கதவைத் திறக்கலாம். யாரோ வெளியே கிளம்பும் நேரத்தில் தானாகவே பின்கட்டுக்கு நகர்ந்துவிடும் அத்தைகளின் கால்களை அது எட்டாது. அந்தக் கால்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சட்டமல்ல, நாம் எல்லோரும் அறிந்த ஒரு பார்வை. அடுத்த முறை பூனை தெருவைக் கடக்கும்போது நிற்பதாக இருந்தால் நிற்கலாம், அது பத்திரமாகக் கடந்து போவதற்காக.